வாவியோரச் சேறு பயனற்ற நிலமல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவியோரத்தில் கண்ணா, அதாவது கண்டல் மரக் கன்றுகள் நடப்படவிருப்பது பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளியான செய்தி, அதற்குத் தெரிவான இடத்தைப் 'பயனற்ற சேற்று நிலம்' என்று குறிப்பிட்டிருந்தது. கண்ணாக்காடு பெருக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தச் சேற்றில் வாழும் ஊரிகள் எனும் நத்தை வகைகளை அறிந்த எவரும் அதைப் பயனற்றது என்று சொல்லமாட்டார்.

1848 இல் மட்டக்களப்புக்கு வந்த, இலங்கையின் பிரித்தானிய ஆட்சியில் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட், வாவியில் எழும் இசையொலியைப் பற்றி விசாரித்தபோது, அது மீனின் ஒலியன்று, ஊரியின் ஒலி என்று சொன்ன மீனவர்கள் சில ஊரிகளை உயிருடன் எடுத்துவந்து காட்டியதை எழுதிவைத்திருக்கிறார். ஒலி எதிலிருந்து வந்தது என்பது வேறு விடயம். அவர் பெயர் குறித்த ஊரிகளுள் ஒன்று, அக்காலத்தில் செரித்தியம் என்ற கடல் ஊரி இனத்தோடு சேர்த்து எண்ணப்பட்டது. 1767 இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் அதை ஸ்ட்ரோம்பஸ் என்ற சங்கினத்தில் வைத்திருந்தார். இன்று அது தெரெபிராலியா பலுஸ்திரிஸ் என்ற பெயரில், உவர்நீர்ச் சேற்றையும் கண்ணாக்காட்டையும் சார்ந்து வாழும் பொட்டமிடிடே குடும்பத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. இந்தக் குடும்பம் பல கோடி ஆண்டுகளுக்கு முந்திய இயோசீன் காலந்தொட்டே கண்ணாக்காடுகளோடு சேர்ந்து பெருகியது என்பதை மரபணு ஆய்வுகளும் புதைபடிவங்களும் காட்டுகின்றன.

ஒரே குடும்பம் என்றாலும் இருப்பிடம் ஒன்றல்ல. வளர்ந்த தெரெபிராலியா நிழலுக்குள் விழும் கண்ணா இலையைத் தின்கிறது. ஓர் ஊரி இலையைக் கடிக்கத் தொடங்கியதும் அந்த வாசனைக்கு மற்றவையும் வந்துசேர, ஒரே இலையைப் பல ஊரிகள் சுற்றி நின்று தின்னும். அதன் குஞ்சுகளோ இலையைத் தொடுவதில்லை. சேற்றின் மேற்படலத்தையே மேய்கின்றன. வளரும்போது நாவிலுள்ள பல்வரிசையின் அமைப்பே மாறிவிடுகிறது. இதற்கு மாறாக, பிரெனெல்லா சிங்குலாட்டா என்ற சிற்றூரி வெயில் படும் திறந்த சேற்றில் வாழ்வது. விரல் நீளமும் வராத கூம்பு ஓடு, ஒவ்வொரு சுற்றிலும் மூன்று வரிசை மணிகள், வெளிப்புறம் விரிந்த உதடு, அது நகர்ந்த வழியெங்கும் சேற்றில் மெல்லிய கோடு. 1791 இல் ஜேர்மன் இயற்கையியலாளர் கிமெலின் பெயரிட்ட இவ்வினம் நீண்டகாலம் செரித்திடியா என்றே வழங்கப்பட்டு, 2016 இல் வெளியான மீளாய்விலேயே பிரெனெல்லாவுக்குள் உறுதியானது.

இலங்கையில் கடல் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், வாவியோரம் எவ்வளவு சேறு வெளித்தெரியும் என்பதைப் பெரும்பாலும் மாரி வெள்ளமும், முகத்துவாரத்து மணற்றிட்டு வெட்டுண்பதும் அடைபடுவதுமே தீர்மானிக்கின்றன. கோடையில் வெறுமையாகத் தெரியும் இடம் மாரியில் ஆழமாக நீர் நிற்கும் இடமாக இருக்கலாம். அங்கே கன்று நிலைக்காது. 2017 இல் வெளியான ஆய்வொன்றின்படி, இலங்கையில் கண்டல் நடப்பட்ட 23 இடங்களை ஆராய்ந்ததில், 9 இடங்களில் ஒரு கன்றுகூடப் பிழைத்திருக்கவில்லை. தப்பிப் பிழைத்து அடர்ந்தாலும், திறந்த சேற்றை நம்பியிருக்கும் சிற்றூரி தன் மேய்ச்சல் நிலத்தை இழக்கும். இரண்டு விதத்திலும் இழப்பு நமதே.

ஆகவே கன்று நடுவோர், முன்பு கண்ணா நின்று அழிந்த கரைகளையே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். திறந்த சேற்றில் நடத்தான் வேண்டுமென்றால், மாரியிலும் கோடையிலும் நீர்மட்டத்தை அளந்து, அங்குள்ள ஊரிகளை இனம் பிரித்துக் குறித்த பின்னரே இடத்தைத் தீர்மானிக்குமாறு உரியவர்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மட்டக்களப்பு.