டென்ட் இருக்கட்டும், முதலில் சிம்மைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த லடாக் பயணக் கட்டுரையைப் படித்தேன். டென்ட் எந்த நிறத்தில் இருந்தால் படம் எடுப்பாக வரும் என்பது வரை எழுதியிருந்த கட்டுரையாளர், அங்கே போகிறவர் கையில் இருக்கும் போன் வேலை செய்யுமா என்று ஒரு வரி எழுதவில்லை. தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

வெளி மாநிலத்து ப்ரீபெய்டு சிம் ஜம்மு-காஷ்மீரிலும் லடாக்கிலும் இயங்காது. போஸ்ட்பெய்டு மட்டுமே இயங்கும். பாதுகாப்புக்காகப் பல ஆண்டுகளாக இருந்துவரும் கட்டுப்பாடு அது. அதன் மேல் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நம் மக்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது ப்ரீபெய்டு. லே போகும் சாலையில் வரும் மணாலியிலும் கேலாங்கிலும் அதே சிம் ஒழுங்காகப் பேசும், ஏனென்றால் அது இமாசலப் பிரதேசம். சர்ச்சுவோடு இமாசலம் முடிகிறது. அதற்கு முன்னும் பின்னும் வழி நெடுக மலை என்பதால், டவர் கிடைக்கவில்லை போலும் என்று எல்லோரும் சமாதானமாக இருந்துவிடுவார்கள். லே நகரத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் சங்கதி புரியும். ஹோட்டல் மாடியில் நின்றால் டவர் கண்ணுக்கே தெரிகிறது, போன் மட்டும் ஊமையாகக் கிடக்கும்.

பேச முடியாதது கூடப் பெரிதில்லை. வங்கிக் கணக்கோடு இணைத்த எண் அதுதானே? ஓடிபி வராது. கார்டு இருக்கும், கணக்கில் பணமும் இருக்கும், அறை வாடகை கட்ட முடியாது. லேயில் எங்கள் ஹோட்டல் வரவேற்பறையில் கோயம்புத்தூர்ப் பையன்கள் சிலர் ஆளுக்கொரு போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். உயர்த்தினால் ப்ரீபெய்டு போஸ்ட்பெய்டாகிவிடுமா?

குருகிராமில் வேலை பார்க்கும் என் தம்பி மகனும் அவன் நண்பர்களும் இரண்டு சொந்த வண்டிகளில் கிளம்பியபோது, திருச்சியிலிருந்து ரயிலேறிப் போய் நானும் ஒட்டிக்கொண்டேன். சாமான் பட்டியலுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் ஸ்பீக்கரை மூன்று பேர் கொண்டுவருவதாக எழுதியிருந்தார்கள். ஸ்டெப்னிக்குக் காற்று இருக்கிறதா என்று எவரும் கேட்கவில்லை. "டவர் வரும்போது பேசிக்கொள்ளலாம் அத்தை" என்றான் தம்பி மகன். வண்டிக்கு ஒருவராவது எண்ணை போஸ்ட்பெய்டுக்கு மாற்றினால்தான் நான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். எண் மாறாது, ஓடிபி மூலமே மாற்றிக்கொள்ளலாம். திரும்ப ப்ரீபெய்டுக்கு வருவதற்குத்தான் சில காலம் காத்திருக்க வேண்டும். ஒரு வண்டியில் ஒரு கம்பெனி, மற்றதில் வேறு கம்பெனி என்று பிரித்துக்கொண்டோம். ஒன்று கிடைக்காத இடத்தில் மற்றது கிடைத்தது.

எதுவுமே கிடைக்காத இடங்களும் உண்டு. அதற்காக ஒரு காகிதத்தில் ஜிஸ்பா, பரத்பூர், சர்ச்சு, பாங் என்று எழுதி இரண்டு வண்டியிலும் கண்ணாடிக்குக் கீழே ஒட்டினேன். முன்னால் போகிற வண்டி ஒவ்வோர் இடத்திலும் நிற்க வேண்டும், பின்வண்டி வராமல் நகரக் கூடாது. பாரலாச்சா கணவாய்க்கு முன்பு பின்வண்டிக்கு டயர் பஞ்சர். வாக்கி-டாக்கி இருந்தது, இரண்டு வளைவு தாண்டியதும் அதில் இரைச்சல்தான் வந்தது. பரத்பூரில் டீக்கடைக் கூடாரத்தில் நாங்கள் காத்துக் கிடந்தோம். காகிதம் ஒட்டியதற்குச் சிரித்தவர்கள்தான் பின்வண்டியில் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வாக்கி-டாக்கி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும்: உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதி உள்ளது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் குறைந்த சக்திக் கருவிகளுக்குத்தான். சாட்டிலைட் போனை அரசு அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டிலிருந்து உறவினர் யாராவது ஆசையாகக் கொடுத்தாலும் எடுத்துப் போகாதீர்கள், அதுவும் எல்லைப் பகுதிக்கு.

இணையத்தைப் பங்கு போடுவது அடுத்த தலைவலி. ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டால் அத்தனை போனும் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வீடியோ ஏற்றும், கொடுக்கிற போன் சூடாகி சார்ஜ் கரையும். இரண்டாம் நாளே கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். வரைபடம், வானிலை, வீட்டுக்கு ஒரு செய்தி, அவ்வளவுதான் என்றேன். வரைபடத்தையும் மணாலியிலேயே முழுதாக இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சிக்னல் இல்லாத வழியில் போனை ஏரோப்ளேன் மோடில் போடாவிட்டால், அது டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும். குளிரிலும் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் இரவில் பவர் பேங்கை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு படுத்தோம்.

சமையலுக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையாளர் சிபாரிசு செய்த சின்ன பியூட்டேன் அடுப்பு, பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனால் மக்கர் பண்ணும். அந்தக் குளிரில் வாயு எழாது. சர்ச்சு 4,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 86 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் அரிசி லேசில் வேகாது. திருச்சியிலிருந்து நான் தூக்கிப்போன குக்கரைப் பார்த்து முகம் சுளித்தவர்கள், சர்ச்சுவில் தட்டோடு வரிசையில் நின்றார்கள்.

ஆசிரியர் அவர்களுக்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் என் கோரிக்கை ஒன்றுதான். ரீசார்ஜ் முடிந்த மறுநாளே அடுத்த ரீசார்ஜுக்கு நினைவூட்டுகிற நிறுவனங்கள், மணாலி டவரில் ஒரு தமிழ்நாட்டு ப்ரீபெய்டு எண் வந்து சேர்ந்ததும், 'இதற்கு மேல் லடாக்கில் உங்கள் சிம் இயங்காது' என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். தமிழில் அனுப்பலாம். எண் எந்த மாநிலத்தது, எந்த டவரில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாத ரகசியமா? அடுத்த ஞாயிறு ஸ்ரீநகர் பயணம் என்று அறிவித்திருக்கிறீர்கள். அங்கேயும் இதே விதிதான். கட்டுரையின் கடைசியில் பெட்டிச் செய்தியாக ஒளித்து வைக்காமல், தலைப்புக்குக் கீழேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியை,
ஸ்ரீரங்கம், திருச்சி.