பயிற்சி எட்டு வாரத்தோடு முடிந்துவிட வேண்டாம்: இஸ்ரோவுக்கும் இன்-ஸ்பேஸுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இஸ்ரோ தலைவர் அவர்களுக்கும், விண்வெளித் துறையில் தனியாருக்கு அனுமதியும் ஊக்கமும் தரும் அரசு அமைப்பான இன்-ஸ்பேஸின் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம். வியன்னாவில் 2018 ஜூன் மாதம் நடந்த, ஐ.நா. விண்வெளி மாநாட்டின் பொன்விழாவான யுனிஸ்பேஸ்+50 நிகழ்வையொட்டி இந்தியா அறிவித்த 'உன்னதி' பயிற்சித் திட்டத்தைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். 45 நாடுகளிலிருந்து 90 பேரை மூன்று அணிகளாக அழைப்பது, பெங்களூரு யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தில் எட்டு வாரம் தங்கவைப்பது, நுண்செயற்கைக்கோள் ஒன்றின் அடிப்படைக் கோட்பாடு முதல் பாகங்களைப் பொருத்திச் சோதிப்பது வரை கற்றுத்தருவது என்பதே அத்திட்டத்தின் ஏற்பாடு. முதல் அணி 2019 ஜனவரியில் வந்தது. பெருந்தொற்று குறுக்கிட்டபோதும் மூன்றாம் அணிக்கு 2022-இல் பயிற்சி நடந்தது. வாக்களித்தபடி நிறைவேற்றப்பட்ட நல்ல திட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எட்டு வாரம் முடிந்து ஊர் திரும்பும் பொறியாளருக்கும் நமக்கும் உள்ள உறவு, அவர் கட்டப்போகும் செயற்கைக்கோள் வானில் உயிரோடு இருக்கும் காலம் வரை நீள வேண்டும் என்றும், அதற்கான நிலையான ஏற்பாட்டை நீங்கள் இருவரும் சேர்ந்து செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

நான் தென்தமிழகத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் கற்பிப்பவன். ஹாம் எனப்படும் ஆர்வலர் வானொலி உரிமம் உடையவன். மாணவர்களோடு கல்லூரி மொட்டைமாடியில் யாகி ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு பல நாட்டுக் கியூப்சாட்டுகளின் (கனசதுர வடிவச் சிறு செயற்கைக்கோள்களின்) சமிக்ஞையைக் கேட்டுவருகிறேன். செயற்கைக்கோள் கட்டுவதைப் பற்றி உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கில்லை. கட்டி அனுப்பிய பிறகு தரையில் இருப்பவர்கள் படும் பாட்டை ஓரளவு அறிவேன்.

பன்னாட்டு ஒத்துழைப்பு என்பது இஸ்ரோவுக்குப் புதிய பாடமன்று. 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரம் அருகே தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட், அமெரிக்கா தந்த நைக்கி-அப்பாச்சி. அது சுமந்து சென்ற சோடியம் ஆவிக் கலம் பிரான்சிலிருந்து வந்தது. ஏவுதளம் முழுவதும் 1968-இல் ஐக்கிய நாடுகளுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1975 ஏப்ரல் 19 அன்று ஆரியபட்டாவைச் சோவியத் ஒன்றியம் தன் கபூஸ்தின் யார் தளத்திலிருந்து ஏவித் தந்தது. சில நாள்களிலேயே மின்வழங்கலில் பழுது ஏற்பட்டு அதன் அறிவியல் சோதனைகள் நின்றுபோயின என்பதை நாம் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. ஆனால் அந்தப் பழுதோடு கூட்டாளி விலகிக்கொள்ளவில்லை. 1979-இல் பாஸ்கரா-1, 1981-இல் பாஸ்கரா-2 என அடுத்தடுத்து இரண்டு செயற்கைக்கோள்களை அதே நாடு ஏவித் தந்தது. கற்றதைத் திருத்திக்கொள்ள நமக்கு இரண்டாவது வாய்ப்பும் மூன்றாவது வாய்ப்பும் கிடைத்தன. இன்று நம்மிடம் பயில வரும் நாடுகளுக்கு நாம் தர வேண்டியதும் இதுவே.

இதற்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனம் நடத்திய 'பேர்ட்ஸ்' திட்டத்தில், விண்வெளி அனுபவம் இல்லாத அல்லது மிகக் குறைவாக உள்ள நாடுகளின் இளம் பொறியாளர்கள் பட்டமேற்படிப்பு மாணவர்களாகச் சேர்ந்தார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்று என, ஏறத்தாழ ஒரே வடிவிலான ஒரு கிலோ எடையளவுள்ள கியூப்சாட்டுகளை அவர்களே வடிவமைத்து, கட்டி, சோதித்து, பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விட்டு, பிறகு இயக்கவும் செய்தார்கள். கானா, மங்கோலியா, வங்கதேசம், நேபாளம், உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகள் இந்த வழியில்தான் முதல் செயற்கைக்கோளைப் பெற்றன. 2019 ஜூன் 17 அன்று வெளிவிடப்பட்ட இலங்கையின் ராவணா-1 செயற்கைக்கோளும் நேபாளத்தின் நேபாளிசாட்-1 செயற்கைக்கோளும் இத்திட்டத்தின் மூன்றாம் தொகுதியைச் சேர்ந்தவை. வகுப்பில் தொடங்கி விண்ணில் செயற்கைக்கோள் இயங்கும் வரை ஒரே குழு, ஒரே பொறுப்பு என்பதே இதன் பலம்.

பூட்டானின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அந்நாட்டின் முதல் செயற்கைக்கோளான பூட்டான்-1, 2018-இல் பேர்ட்ஸ் திட்டத்தின் இரண்டாம் தொகுதியில் பறந்தது. அடுத்து பூட்டான் பொறியாளர்கள் பெங்களூருக்கு வந்து பயின்றார்கள். அவர்களோடு இணைந்து உருவான ஐ.என்.எஸ்-2பி என்ற நுண்செயற்கைக்கோள், 2022 நவம்பர் 26 அன்று பி.எஸ்.எல்.வி-சி54 ஏவுகலனில் சென்றது. அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் படக்கருவி ஒன்றும், ஹாம் வானொலியருக்குப் பயன்படும் தகவல் மறுபரப்பி ஒன்றும் அதில் இருந்தன. மறுபரப்பியை இரு நாட்டுப் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கினார்கள். மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தொடாத ஒரு நாடு நான்கே ஆண்டுகளில் இரு கூட்டாளிகளோடு இரண்டு படி ஏறியிருக்கிறது. பூட்டானுக்குச் செய்ததை உன்னதியில் பயின்ற மற்ற நாடுகளுக்கு ஏன் வழக்கமாக்கக் கூடாது?

இனி தரையிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். கியூப்சாட்டின் ஆன்டெனா பெரும்பாலும் எஃகு நாடா போன்ற மெல்லிய தகடு. அதை மடித்து, ஒரு செயற்கையிழைக் கயிற்றால் கட்டி வைக்கிறார்கள். விண்வெளி நிலையத்திலிருந்து வெளிவந்து அரைமணி நேரம் ஆன பிறகு, கயிற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் நிக்ரோம் கம்பியில் மின்சாரம் பாய்ந்து சூடேற, கயிறு அறுந்து ஆன்டெனா நிமிர வேண்டும். ஆய்வக மேசையில் பத்து முறையும் அறுந்த கயிறு, வெற்றிடத்தில், பேட்டரி குளிர்ந்து மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும் வேளையில் அறுமா என்பது வேறு கேள்வி. அறாவிட்டால் உள்ளே உள்ள கணினி, படக்கருவி, சூரியத் தகடு எல்லாம் நன்றாக இருந்தும் கோள் ஊமையாகிவிடும். சில ரூபாய் விலையுள்ள கயிறு இரண்டாண்டு உழைப்பைத் தீர்மானிக்கும் இந்த இடத்தில்தான் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று, "இதை வெப்ப வெற்றிடக் கலத்தில் வைத்து இன்னும் ஒருமுறை பாருங்கள்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த அறிவு பாடப்புத்தகத்தில் கிடைப்பதில்லை. எட்டு வாரப் பயிற்சியின்போது அதைக் கேட்கும் அவசியமும் பயில்பவருக்கு எழுவதில்லை. தன் சொந்தக் கோளைக் கட்டும்போதுதான் எழுகிறது.

ஆன்டெனா நிமிர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள் ஒரு தரைநிலையத்தின் கண்ணில் ஒரு தடவைக்கு அதிகம் போனால் பத்து நிமிடம் படும். 437 மெகாஹெர்ட்ஸில் வரும் அதன் சமிக்ஞை, கோளின் வேகத்தால், தொடுவானில் ஏறும்போது 10 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு மேலே தள்ளியும், இறங்கும்போது அதே அளவு கீழே தள்ளியும் கேட்கும். கை ஆன்டெனாவை வீசிக்கொண்டும் வானொலியின் திருகைத் திருப்பிக்கொண்டும் என் மாணவர்கள் மோர்ஸ் ஒலியைத் துரத்துவார்கள். நொடிக்கு 9,600 பிட் வீதம், அந்தப் பத்து நிமிடமும் தடையின்றிக் கிடைத்தாலும்கூட ஒரு மெகாபைட் தேறாது. ஒரே ஒரு தரைநிலையத்தை வைத்துக்கொண்டு ஒரு நாடு தன் முதல் செயற்கைக்கோளை இயக்குவதென்றால், கோள் சுற்றிவரும் நேரத்தில் மிகப் பெரும்பகுதி அதற்கு என்ன நேர்கிறது என்று அறியாமலேயே கழியும். பேட்டரி மெல்லச் சரிகிறதா, கணினி திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆகிறதா என்பதை முதல் நாளிலேயே கண்டால் காப்பாற்றலாம். அடுத்த வாரம் கண்டால் அறிக்கை மட்டும்தான் எழுதலாம்.

எனவே என் முதல் வேண்டுகோள் தரைநிலையங்களைப் பற்றியது. பேர்ட்ஸ் நாடுகள் தத்தம் நிலையங்களை ஒன்றுக்கொன்று உதவும் வலையமைப்பாக்கிக்கொண்டன. கிரேக்கத்தில் 2014-இல் தொடங்கிய 'சாட்நாக்ஸ்' திறந்தமூல வலையமைப்பு, உலகெங்கும் உள்ள ஆர்வலர்களின் சிறு நிலையங்களை இணையத்தில் கோத்திருக்கிறது. தமிழ்நாட்டை மட்டும் எடுத்துக்கொண்டாலும், 2009-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட், 2011-இல் எஸ்.ஆர்.எம்.சாட், 2016-இல் சத்யபாமாசாட், 2017-இல் குமாரகோவில் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் நியூசாட் என்று மாணவர் செயற்கைக்கோள்கள் பறந்திருக்கின்றன. அவற்றுக்காகத் திரட்டிய கருவியும் திறமையும் கோளின் காலம் முடிந்ததும் கலைந்துபோவதே நம் கல்லூரிகளில் வழக்கம். (இதில் என்னைப் போன்ற ஆசிரியர்களின் பங்கும் உண்டு, பல்கலைக்கழகத் தர மதிப்பீட்டுக்கு ஏவுதல் விழா உதவும் அளவுக்கு கோள் மூன்றாம் ஆண்டில் அனுப்பும் தரவு உதவுவதில்லை.) நாடு முழுவதும் உள்ள இத்தகைய கல்லூரி நிலையங்களை இன்-ஸ்பேஸ் ஒரு பட்டியலில் கொண்டுவந்து, உன்னதியில் பயின்ற நாடுகளின் கோள்களுக்குக் கட்டணமின்றிக் காது கொடுக்கும் வலையமைப்பாக்கலாம். அவர்களுடைய நிலையங்கள் நம் மாணவர் கோள்களைக் கேட்கட்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை; உரிமமும் ஒருங்கிணைப்பும்தான் வேண்டும்.

அடுத்தது, தோல்வியைப் பகிர்வது. 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் சிறு ஏவுகலனான எஸ்.எஸ்.எல்.வி-டி1 தன் இலக்கை எட்டவில்லை. இரண்டாம் நிலை பிரியும்போது ஏற்பட்ட அதிர்வால், வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகள் சற்று நேரம் அளவு கடந்து காட்டியதும், அதைக் கணினி கருவிக் கோளாறாக எடுத்துக்கொண்டதும், கோள்கள் நிலையில்லாத தாழ்ந்த பாதையில் விடப்பட்டதும் இஸ்ரோவே வெளியிட்ட விவரங்கள். 750 மாணவிகளின் பங்களிப்பில் உருவான ஆசாதிசாட் அதோடு வீணாயிற்று. காரணம் திறந்து சொல்லப்பட்டது. திருத்தப்பட்ட டி2, 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 செயற்கைக்கோளைச் சரியாகக் கொண்டுசேர்த்தது. ஏவுகலனுக்குக் காட்டிய இந்தத் திறந்த மனம் சிறு செயற்கைக்கோள்களுக்கும் வேண்டும். எந்த மின்கலம் எந்த வெப்பநிலையில் கைவிட்டது, சந்தையில் வாங்கிய எந்தப் பாகம் கதிர்வீச்சில் தடுமாறியது என்பதையெல்லாம் பயின்ற நாடுகளும் நம் கல்லூரிகளும் ஒரே இடத்தில் பதிந்துவைக்கும் ஏட்டை இஸ்ரோ நடத்தலாம். ஐக்கிய நாடுகளின் விண்வெளி அலுவலகமும் ஜப்பானின் ஜாக்ஸாவும் நடத்தும் 'கிபோகியூப்' வாய்ப்பின் வழியே 2020 ஏப்ரலில் வெளிவிடப்பட்ட குவாத்தமாலாவின் கெட்சால்-1, ஏழு மாதம் அளவில் இயங்கியது. அதைக் கட்டிய பல்கலைக்கழகக் குழு தன் வடிவமைப்பையும் மென்பொருளையும் பொதுவில் வைத்துவிட்டது. அவ்வளவு சிறிய குழுவால் முடிந்தது நம்மால் முடியாதா?

காகித வேலையையும் சொல்லாமல் விட முடியாது. ஹாம் அதிர்வெண்ணில் இயங்கும் கோளுக்குப் பன்னாட்டு ஹாம் வானொலி ஒன்றியத்தின் ஒருங்கிணைப்பு வேண்டும். அந்தந்த நாட்டு அரசு பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் முறைப்படி பதிய வேண்டும். முதல் முறை செய்யும் நாட்டில் இதை அறிந்த அதிகாரி ஒருவர்கூட இல்லாமல் போகலாம். நம் பக்கத்திலோ, விண்வெளிப் பாகமும் அதன் நுட்பத் தகவலும் நாட்டை விட்டுப் போவதென்றால், ராணுவத்துக்கும் பயன்படக்கூடியவற்றைக் கட்டுப்படுத்தும் 'ஸ்கோமெட்' ஏற்றுமதிப் பட்டியல் குறுக்கே நிற்கும். கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயிற்சிக்கு அழைக்கப்பட்ட நாட்டுக்கு, ஒரு கிலோ கோளின் மின்சுற்று வரைபடத்தை அனுப்புவதற்கு எது தடை, எது தடையில்லை என்பதை முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு நிலையான அனுமதி இருந்தால், ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ஒரு கோப்பு நகர வேண்டியிராது.

ஏவும் வாய்ப்புக்கு நம்மிடம் குறைவில்லை. 2017 பிப்ரவரி 15 அன்று ஒரே பி.எஸ்.எல்.வி. சுமந்த 104 கோள்களில் 101 வெளிநாட்டு வாடிக்கையாளர்களுடையவை. தனிக் கோள் கட்ட இயலாத நாட்டுக்கு, கோள்களை விட்ட பிறகும் சுற்றுப்பாதையில் தங்கும் பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் நிலையில் கருவிகளைப் பொருத்தி இயக்கும் 'போயம்' மேடை இருக்கிறது; 2024 டிசம்பர் 30 அன்று சென்ற போயம்-4 மேடையில் 24 கருவிகள் பறந்தன. ஒவ்வோர் உன்னதி அணிக்கும் போயத்தில் ஓரிடம், அல்லது ஒரு கியூப்சாட் இருக்கை என்று முன்பே ஒதுக்கிவிட்டால், பயிற்சிக்கு வருபவர் ஏவும் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு வருவார். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினம் தளம், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போவதுபோல் இலங்கையைச் சுற்றி வளைக்காமல் நேர் தெற்கே ஏவ இடம் தருவது, எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறு ஏவுகலன்களுக்கென்றே எழுவது. அங்கே வரும் கட்டடங்களில் அயல்நாட்டுக் குழுக்கள் தங்கள் கோளை இறுதியாகச் சோதித்துப் பொருத்துவதற்கு ஒரு சிறு தூய அறையையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டி முடித்த பிறகு சேர்ப்பது இருமடங்கு வேலை.

இவற்றையெல்லாம் யார் செய்வது என்ற கேள்வியால்தான் இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். 2023-ஆம் ஆண்டின் இந்திய விண்வெளிக் கொள்கை, இஸ்ரோ ஆய்விலும் புதிய நுட்பத்திலும் கவனம் செலுத்த வேண்டும் என்றும், வழக்கமான தயாரிப்புப் பணிகளிலிருந்து மெல்ல விலக வேண்டும் என்றும் கூறுகிறது. அனுமதியும் ஊக்குவிப்பும் இன்-ஸ்பேஸ் பொறுப்பு. அயல்நாட்டுப் பொறியாளருக்கு ஆண்டுக்கணக்கில் துணை நிற்பது இவ்விரண்டு அலுவலகங்களுக்கும் இடையில் விழுந்துவிடும் அபாயம் உண்டு. ஆகவே உன்னதியின் அடுத்த கட்டத்தை அறிவிக்கும்போது, பயிற்சிக்கு இஸ்ரோவும், தரைநிலைய வலையமைப்புக்கும் அனுமதிகளுக்கும் இன்-ஸ்பேஸும் பொறுப்பு என்று பெயர் குறித்தே எழுதுங்கள். ஏற்கெனவே பயின்று சென்றவர்கள் இப்போது என்ன கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு கடிதம் போட்டுக் கேட்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் கல்லூரி மொட்டைமாடியில் உள்ள நிலையத்தை இந்த வலையமைப்பில் சேர்க்க எங்கள் நிர்வாகம் இசைந்திருக்கிறது. வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். இரு அலைவரிசைப் பட்டைகளிலும் கேட்கிறோம். விடுமுறை நாள்களிலும் மாணவர் ஒருவர் இருப்பார். எந்த நாட்டுக் கோளை எந்த நேரத்தில் கேட்க வேண்டும் என்று தெரிவித்தால் போதும்.

தங்கள் பணிவன்புள்ள,
மின்னணுவியல் ஆசிரியர் ஒருவர்