செர்மாட்டை அரை நாளில் முடிக்காதீர்கள்

சுவிட்சர்லாந்துக்குத் தமிழ்க் குழுக்களை அழைத்து வரும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். மேட்டர்ஹார்ன் மலையைக் காட்ட வருகிறீர்கள் என்றால் அதன் அடிவார ஊரான செர்மாட்டில் ஓர் இரவாவது தங்க வையுங்கள்.

4478 மீட்டர் உயர மலை அது. தனித்து நிற்பதால் காற்று மோதும்போது மறுபக்கத்தில் கொடிபோல மேகம் கட்டிக்கொள்ளும். கோடையில் வெயில் ஏற ஏற மேகமும் சேரும். மதியம் வந்து இறங்கும் குழு உச்சியைப் பார்க்காமலே திரும்ப நேரலாம். விடியலில் தேவாலயத்தருகே ஆற்றுப்பாலத்தில் நின்றால், முதல் வெயில் உச்சியைச் சிவக்க வைத்து மெல்லக் கீழிறங்குவது தெரியும்.

பேருந்து பக்கத்து ஊரான டேஷ் வரைதான். அங்கிருந்து செர்மாட்டுக்கு ரயிலில் 12 நிமிடம். பெட்டி படுக்கையை ஏற்றி இறக்கவும் நேரம் வையுங்கள்.

1898 முதல் ஓடும் கோர்னர்கிராட் பல்சக்கர ரயில் அரை மணி நேரத்தில் கிட்டத்தட்ட 1500 மீட்டர் ஏற்றிவிடும். மேல் நிலையம் இருக்கும் 3089 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவு. இறங்கியதும் படம் எடுக்க ஓடினால் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். வலி கூடினால் அடுத்த ரயிலில் கீழே அனுப்புங்கள். இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். திரும்பும்போது ரோட்டன்போடன் நிலையத்தில் இறங்கிச் சுமார் 10 நிமிடம் நடந்தால் ரிஃபெல்ஸே ஏரி. காற்று எழுந்துவிட்டால் நீரில் மலையின் பிம்பம் கலைந்துவிடும். ஆகவே காலை ரயிலே நல்லது.

எங்கள் முக்கியமான வேண்டுகோள் ஹின்டர்டோர்ஃப் பற்றியது. கடைத்தெருவுக்கு ஒட்டினாற்போல் இருக்கும் இந்தப் பழைய பகுதியைப் பல குழுக்கள் எட்டிப்பார்க்காமலே போகின்றன. வெயில்பட்டுக் கறுத்த லார்ச் மர வீடுகள், கல்பலகை வேய்ந்த கூரைகள். தானியக் களஞ்சியங்கள் குட்டைக் கால்கள்மேல் நிற்கும். ஒவ்வொரு கால் தலையிலும் காலைவிட அகலமான ஒரு வட்டக் கல். கால்வழி ஏறும் எலி, துருத்திய அந்தக் கல்லைத் தாண்ட முடியாது. குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அந்தக் கல்மேல் உட்காரவோ படியேறவோ விடாதீர்கள். இவை இன்றும் பிறர் உடைமை.

அருங்காட்சியகத்தில் 1865 ஜூலை 14 அன்று அறுந்த கயிறு இருக்கிறது. மேட்டர்ஹார்னின் உச்சியை முதன்முதலில் தொட்ட ஏழு பேரில் நால்வர் இறங்கும்போது விழுந்து இறந்தார்கள். அவர்களிடமிருந்த கயிறுகளில் வலு குறைந்தது அதுதான். மலையேறிகளின் கல்லறைத் தோட்டமும் அருகிலேயே. அங்கே குழுப்படம் வேண்டாம்.

மே மாதத்திலும் நவம்பரிலும் பல விடுதிகளும் கடைகளும் மூடியிருக்கும், கயிற்றுப்பாதைகள் சில பராமரிப்புக்கு நிற்கும். தேதி குறிக்கும் முன் விசாரித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செர்மாட்டை அறிந்த சுவிஸ் தமிழர்கள் சிலர்