கோலாலம்பூரிலிருந்து லாத்தாவுக்கு

அன்புள்ள லாத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பெருநாள் கூட்டத்தில் கடையை விட்டு நகர முடியவில்லை. நான் நல்ல சுகம். ஜமால் ஊருக்குப் போனதிலிருந்து அறை தாராளமாக, காற்றோட்டமாக இருக்கிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை, மீன்தான் நம்ம மீன் இல்லை. ஐஸில் கிடந்ததைக் குழம்பு வைத்தால் புளி மட்டும்தான் நாக்கில் நிற்கிறது.

கீழ்வீட்டுச் சீனக் கிழவர் அப்படியேதான் இருக்கிறார். எங்களையெல்லாம் 'அணே' என்றுதான் கூப்பிடுவார். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பேங்க் ரசீதை ஒட்டி வைத்திருக்கிறார். 2018 மே மாதம் இங்கே தேர்தலில், சுதந்திரத்திலிருந்து 61 வருஷம் ஆண்ட கூட்டணி தோற்றது. 1எம்டிபி என்ற அரசாங்க நிதியில் 450 கோடி டாலருக்கு மேல் சுருட்டினார்கள் என்று அமெரிக்க நீதித்துறையே சொன்ன விவகாரம்தான் பெரிய காரணம். புது அரசாங்கம் நாட்டுக் கடனை அடைக்க ஒரு நிதி திறந்ததும் சனங்களே கிட்டத்தட்ட 20 கோடி ரிங்கிட் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். கிழவரும் கொடுத்தார், அந்த ரசீதுதான் அது. நம்மூரில் அரசாங்கத்துக்குச் சும்மா காசு கொடுக்க யார் இருக்கிறார்?

2020இல் எம்.பி.க்கள் பக்கம் மாறி, தேர்தலே இல்லாமல் அந்த ஆட்சி போனது. 2022இல், 2018 தேர்தலில் தோற்ற பிரதமர் நஜிப் சிறைக்குப் போன அன்று கிழவர் கடையில் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். 2024இல் நஜிபின் 12 வருஷத் தண்டனை பாதியானது. அதற்கப்புறம் பேப்பரைப் பூனைக்கு மீன்முள் வைக்கத்தான் விரிக்கிறார். இனி ஓட்டே போட மாட்டாராம். ஆனால் ரசீதைக் கிழிக்கவில்லை.

'ஓட்டுக்குக் கவரில் காசு வாங்கிவிட்டோம், இனி எந்த முகத்தோடு பட்டாவுக்குப் போய் நிற்பது' என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஓட்டைவிட அந்த முகத்தைத்தான் லாத்தா அவர்கள் விலைக்கு வாங்குகிறார்கள். போய்க் கேளுங்கள். பட்டா மாற்ற ஆபீஸில் அந்த ஆள் கேட்கும் காசைக் கொடுக்காதீர்கள். 2018இல் திருத்திய நம்ம நாட்டு லஞ்ச ஒழிப்புச் சட்டப்படி கொடுப்பவர் மேலும் குற்றம்தான். மிரட்டி வாங்கினால் 7 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். கொடுப்பதற்கு முன்பே ராமநாதபுரம் லஞ்ச ஒழிப்பு ஆபீஸில் சொன்னால் பவுடர் தடவிய நோட்டோடு அவர்களே வருவார்கள். பயமாக இருந்தால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

சம்பளம் இந்த மாதம் கொஞ்சம் தள்ளிப் போகிறது, முதலாளி தந்துவிடுவார். பெருநாளுக்கு அனுப்பியதில் சமாளியுங்கள். நேற்று இரவு கடையில் யாரோ கீழக்கரைத் தொதல் கொண்டுவந்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். வாயில் போட்டதும் உம்மா அடுப்படியில் கிண்டுகிற சத்தமே காதில் கேட்டது. கண் கலங்கி, வெங்காயம் அரிக்கப் போய்விட்டேன்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். வாப்பாவின் இறப்புச் சான்றிதழில் மூன்று நகல் எடுங்கள், வாரிசுச் சான்றிதழுக்கும் கேட்பார்கள். உம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு மச்சான் கூட்டிப் போகட்டும். மகள் நிக்காஹ் தேதியை என்னைக் கேட்காமல் குறிக்காதீர்கள். பட்டா விஷயமாகச் சாச்சா மகனிடம் மட்டும் போக வேண்டாம், அந்தக் கவரை வீடு வீடாகக் கொடுத்ததே அவன்தானே.

தம்பி,
சாகுல்