பதின்மூன்று பெண்களைப் பெங்களூருக்கு அனுப்பிவைத்தவர்களுக்கு

கடலூர்
12.11.2017

அன்புடையீர்,

வணக்கம். கடந்த அக்டோபர் 22 முதல் 28 வரை பெங்களூரில் நடைபெற்ற 16 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஆசியக் கூடைப்பந்துப் போட்டியின் கடைசி இரண்டு நாள் ஆட்டங்களை, எங்கள் கடலூர் பெண்கள் கூடைப்பந்துக் குழுவின் 13 பெண்கள் கண்டீரவா உள்ளரங்கில் அமர்ந்து கண்ணாரக் கண்டுவிட்டு நலமாக ஊர் திரும்பினார்கள். இப்பயணத்துக்குப் பணமாகவும் பொருளாகவும் உழைப்பாகவும் உதவியவர்களில் பலரை நேரில் கண்டு நன்றி சொல்லிவிட்டோம். மழையால் சந்திக்க முடியாமல் போனவர்களும், யாரென்று சொல்லாமல் உறையைக் கையில் திணித்துவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள் என்பதால் இம்மடலை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொண்டபடி எவர் பெயரும் இதில் இடம்பெறவில்லை.

இந்த எண்ணம் ஜூலை மாதத்திலேயே முளைத்துவிட்டது. அதே பெங்களூரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையில், சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இடம்பெற்றிருந்த இந்திய அணி, கஜகஸ்தானை 75-73 என்று இரண்டே புள்ளிகளில் வென்று 'பி' பிரிவிலிருந்து 'ஏ' பிரிவுக்கு உயர்ந்த செய்தியைப் படித்ததும், எங்கள் பெண்கள் "அக்கா, பெங்களூரு ஒரு ராத்திரிப் பயணம்தானே" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர்கள் வயதொத்த பெண்களே விளையாடும் போட்டி அக்டோபரில் அங்கு வருகிறது என்று தெரிந்த பிறகு மறுக்க எனக்கு வழியில்லாமல் போயிற்று.

முதல் நன்றி பெற்றோர்களுக்கு. வெளியூரில் இரண்டு நாள், அதுவும் தீபாவளிச் செலவு முடிந்து கை வறண்டிருந்த வாரத்தில், மகளை அனுப்புவது எளிதன்று. முதுநகரில் மீன் விற்கும் ஒரு தாய், மகளுக்கான பங்குத் தொகையைப் பத்து ரூபாய்த் தாள்களாகவும் சில்லறையாகவும் ஒரு பாலித்தீன் பையில் கட்டிக் கொண்டுவந்து, "எண்ணிப் பார்த்துக்கோம்மா, குறைஞ்சா நாளைக்குத் தர்றேன்" என்று சொன்னார். குறையவில்லை, நாற்பது ரூபாய் அதிகமாகவே இருந்தது. திருப்பிக் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்புக்குத் தயங்காமல் ஒப்புதல் தந்த தலைமையாசிரியர்களுக்கும், துணைக்கு வந்த உடற்கல்வி ஆசிரியைக்கும் எங்கள் வணக்கங்கள் உரியன.

முன்பணம் வாங்கியிருந்த வேன்காரர் ஒருவர், கல்யாண சவாரி கிடைத்ததும் புறப்பாட்டுக்கு இரண்டு நாள் முன்பு கைவிரித்துவிட்டார். அதை இங்கே குறிப்பிடுவது அவரைக் குறை சொல்வதற்காக அன்று. அன்றிரவே தம் வண்டியை டீசல் செலவுக்கு மட்டும் தர முன்வந்து, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக இரவு முழுதும் தாமே ஓட்டிவந்த அண்ணனின் உதவி எவ்வளவு பெரிது என்பது அந்தச் சங்கடத்தைச் சொன்னால்தான் விளங்கும். வழியில் வாந்தி எடுத்த பெண்ணுக்காக நான்கு இடங்களில் வண்டியை நிறுத்தியும் அவர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

பெங்களூர் அல்சூரில் எங்களுக்கு மாடியைத் திறந்துவிட்ட குடும்பத்தார் நம் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். அந்த வீட்டுப் பெரியவர், விடியற்குளிரில் எங்கள் பெண்கள் பச்சைத் தண்ணீரில் குளிக்கக் கூடாதென்று நான்கு மணிக்கே எழுந்து, ஒரே ஒரு ஹீட்டர் கம்பியை வாளி வாளியாக மாற்றிப் போட்டு 13 பேருக்கும் வெந்நீர் வைத்தார். அம்மையார் கொடுத்தனுப்பிய எலுமிச்சைச் சாதத்தின் சுவையைப் பெண்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டத்தைப் பற்றிய பேச்சைவிட அதுதான் கூடுதல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் பணம் எங்களுக்கு எதைக் காட்டியது என்று சொல்ல வேண்டியது என் கடமை. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆசிய அணிகளோடு சேர்ந்து ஆடிய இப்போட்டியில், 'ஏ' பிரிவின் முதல் நான்கு அணிகள் அடுத்த ஆண்டு பெலாரஸ் நாட்டின் மின்ஸ்க் நகரில் நடக்கவிருக்கும் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றன. நம் இந்திய அணி 'பி' பிரிவில் முதலிடம் பெற்று 'ஏ' பிரிவுக்கு ஏறியது. எங்கள் பெண்கள் தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினார்கள் என்றாலும், இடைவேளைகளில் அவர்கள் என்னைக் கேட்ட கேள்விகள் வேறு வகையின. ஜப்பான் பெண்கள் ஒரு கையால் பந்தைப் பிடித்து அனாயாசமாக எறிவதைப் பார்த்த ஒருத்தி, "நம்ம பந்து ஏன் இப்படிக் கைக்குள்ள நிக்க மாட்டேங்குது?" என்று கேட்டாள். பெண்கள் ஆட வேண்டியது 6-ஆம் எண் பந்து. சுற்றளவு ஏறத்தாழ 73 சென்டிமீட்டர், எடை 567 கிராமுக்கு மேல் போகாது. பழசானதும் ஆண்கள் குழு கொடுத்த 7-ஆம் எண் பந்தில்தான் நாங்கள் இத்தனை காலமும் ஆடிக்கொண்டிருந்தோம். எனக்கு அது தெரியும். இருப்பதை வைத்து ஆடுவோம் என்று நானே வாளாவிருந்துவிட்டேன். இந்தக் கதையைக் கேட்ட மறுநாளே இரண்டு 6-ஆம் எண் பந்துகளை வாங்கி அனுப்பிய மருந்துக்கடைக்காரருக்குப் பெண்களின் சார்பில் தனி நன்றி.

இரண்டாவது கேள்வி என்னை உண்மையிலேயே திகைக்க வைத்தது. "இங்க ரிங் உசரமா தெரியுதே" என்றாள் எங்கள் குழுவின் மிகச் சிறியவள். அரங்கம் பெரிது, அதனால் அப்படித் தோன்றும் என்று சமாதானம் சொன்னேன். ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை மாலையே, மழை சற்று விட்ட நேரத்தில், இஞ்சு டேப்புடன் ஏணியில் ஏறி அளந்துவிட்டார்கள். 3.05 மீட்டர், அதாவது பத்தடி இருக்க வேண்டிய வளையம், ஒன்பது அடி ஏழு அங்குலத்தில் இருந்தது. 2015 வெள்ளத்துக்குப் பின் சேற்றை மூட இரண்டு முறை கிராவல் அடித்து ரோலர் விட்டதில் திடல் உயர்ந்துவிட்டது, கம்பம் உயரவில்லை. இரண்டு ஆண்டுகளாக ஒருவரும் கவனிக்கவில்லை. வெல்டிங் பட்டறை அண்ணன் தம் ஆட்களோடு வந்து, பலகையைத் தாங்கும் ஆங்கிளை அறுத்து ஐந்து அங்குலம் கூட்டி ஒட்டவைத்து, மட்டம் பார்த்து, துரு ஏறிய போல்ட்டுகளையும் மாற்றிக்கொடுத்தார். கூலி மட்டுமன்று, வெல்டிங் ராடுக்கான காசைக்கூட வாங்கவில்லை. மறுநாள் பயிற்சியில் வழக்கமாக விழும் பந்துகள் பாதிகூட விழாமல் பெண்கள் அவரைச் செல்லமாகத் திட்டியதை அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

புதுப்பாளையத்துத் தையற்கார அக்காவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. எங்கள் குழுவில் தலையை மூடி ஆடும் பெண் ஒருத்தி, சென்ற ஆண்டு வெளியூர் ஆட்டம் ஒன்றில் முக்காட்டைக் கழற்றச் சொன்னதால் ஆட்டம் முழுவதும் பெஞ்சிலேயே உட்கார நேர்ந்தது. அப்போதைய விதி அதுதான், நடுவர்மீது தவறில்லை. சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் அவ்விதியை மாற்றி, இந்த அக்டோபர் 1 முதல் தலைமறைப்பை அனுமதித்திருக்கிறது. கறுப்பாகவோ வெள்ளையாகவோ சீருடையின் நிறத்திலோ இருக்க வேண்டும், முகத்தை மறைக்கக் கூடாது, முகத்தையும் கழுத்தையும் சுற்றி ஊக்கோ பித்தானோ இருக்கக் கூடாது, எந்த முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். உடற்கல்வி ஆசிரியை அவற்றைத் தமிழில் எழுதிக்கொடுக்க, அக்கா அந்தத் தாளைத் தையல் மெஷின்மேல் ஒட்டிவைத்துக்கொண்டு, இழுபடும் கறுப்புத் துணியில் மூன்று முறை தைத்துப் பிரித்து நான்காவது முறை சரியாகக் கொண்டுவந்தார். அதை அணிந்துதான் அவள் பெங்களூருக்கும் வந்தாள்.

வரவு செலவுக் கணக்கு, ரசீதுகளோடு, திடலை ஒட்டிய டீக்கடையில் ஒரு நோட்டில் வைக்கப்பட்டிருக்கிறது. எவரும் புரட்டிப் பார்க்கலாம். மீந்த 1,340 ரூபாயில் வளையங்களுக்குப் புது வலை வாங்க எண்ணியிருக்கிறோம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன். பழைய 7-ஆம் எண் பந்தை அதே ஆண்கள் குழுவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவர்களுக்கும் நன்றி.

நன்றியுடன்,
பெண்கள் கூடைப்பந்துக் குழுவுக்காக,
அதன் பொறுப்பாளர்