சேம்பரிங் முடிக்கப் போகும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

ஒன்பது மாத சேம்பரிங் (வழக்கறிஞர் ஆகும் முன் செய்யும் பயிற்சி) முடிந்ததும், யாரும் பார்த்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கான அமைப்பில் வேலை பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். வீடு, நிலப் பத்திர வேலைக்குப் போனால் மாதாமாதம் காசு வரும். வீட்டில் அதைத்தான் சொல்வார்கள், அதில் பொய்யும் இல்லை.

கேரன் சாண்ட்லரைப் பார். பொறியியல் படித்துவிட்டு சட்டத்துக்கு வந்தவர். 2011 முதல் 2014 வரை க்னோம் அறக்கட்டளை, அதன்பின் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்று இரண்டு கட்டற்ற மென்பொருள் அமைப்புகளுக்கு நிர்வாக இயக்குநர். தன் இதயத்தில் பொருத்திய கருவியின் மூலநிரலை (மென்பொருளை எழுதிய வரிகளை) கேட்டும் கிடைக்காதவர். நீதிமன்ற வாதம் இந்த வேலையில் சிறு பங்குதான். எந்த நிரல் வரி யாருடையது என்று காகிதத்தில் காட்டுவதே பெரும்பங்கு.

ஹெல்விக் வழக்கை எடுத்துக்கொள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில் நிறைய எழுதியவர். மென்பொருளைத் தருபவர் மூலநிரலையும் தரவேண்டும் என்பது ஜிபிஎல் உரிமம்; விஎம்வேர் நிறுவனம் அதை மீறியது என்று ஜெர்மனியின் ஹம்பர்க்கில் வழக்குப் போட்டார். அந்த நிறுவனத்தின் பொருளுக்குள் தன் வரிகள் எவை என்று போதுமான அளவு காட்டவில்லை என்று 2016-இல் தள்ளுபடி. 2019-இல் மேல்முறையீடும் போயிற்று. உரிமம் மீறப்பட்டதா என்ற பெரிய கேள்விக்கு வழக்கு போய்ச்சேரவே இல்லை.

நம் மலேசியாவில் இன்னும் கவனம் வேண்டும். 1987 பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 26-இன்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஊழியர் வேலையின் பகுதியாக எழுதிய நிரல் முதலாளிக்குப் போகும். காசு கொடுத்து வெளியாளிடம் எழுதச் சொன்னாலும் சொன்னவருக்கே போகும். இதை மறந்துதான் பலர் 'என் நிரல்' என்று வந்து நிற்பார்கள். ஆகவே முதலில் வேலை ஒப்பந்தத்தைக் கேள், பிறகு கிட் வரலாற்றை, அதாவது யார் எந்த வரியை எப்போது எழுதினார் என்ற பதிவைப் பார்.

கன்சர்வன்சி 2021-இல் டிவி நிறுவனமான விசியோ மீது வழக்குப் போட்டது வேறு வழி: டிவி வாங்கியவர் என்ற முறையில், உரிமத்தை ஒப்பந்தமாகக் கொண்டு மூலநிரல் கேட்டது. அதை இங்கே அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. ஒப்பந்தத்தில் இல்லாத மூன்றாம் ஆள் வழக்காட முடியாது என்ற கெப்போங் புரோஸ்பெக்டிங் தீர்ப்பு குறுக்கே நிற்கும்.

அமைப்பு தொடங்க எல்லாருக்கும் ஆசை. 1966 சங்கச் சட்டத்துக்கு ஏழு பேர் போதும், ஏழு பேர் கிடைத்தும் விடுவார்கள். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளில் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு அனுப்பத்தான் மூன்றாம் வருடம் ஆள் இருக்காது. நன்கொடைக்கு வரிவிலக்கு வேண்டுமானால் வருமான வரிச் சட்டம் 44(6) அங்கீகாரம் தனி. கிட், சாம்பா, இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருள் திட்டங்கள் கன்சர்வன்சியின் குடையின்கீழ் இருப்பது இதுபோன்ற தலைவலியைத் தவிர்க்கத்தான்.

பழக ஒரு வேலை சொல்கிறோம். கோலாலம்பூர் லோ யாட் கணினிக் கடைத்தொகுதியில் மலிவான ரௌட்டர் ஒன்று வாங்கு. கையேட்டில் ஜிபிஎல் அறிவிப்பைத் தேடி, மூலநிரல் கேட்டுக் கடிதம் போடு, தேதியைக் குறித்துவை. மூலநிரலுக்குப் பதில் எழுத்து வாக்குறுதி தந்திருந்தால், ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின்படி அது குறைந்தது மூன்று ஆண்டு செல்லும். வந்ததைப் புதுக் கணினியில் கம்பைல் செய்து, அதாவது இயங்கும் மென்பொருளாக மாற்றிப் பார். பெரும்பாலும் கர்னல் மட்டும் வரும். கம்பைல், நிறுவல் ஸ்கிரிப்டுகள் இருக்காது. அவையும் உரிமம் கேட்பவைதான். எது இல்லை, எந்தப் படியில் நின்றது என்று எழுதி இரண்டாம் கடிதம் போடு. வழக்கு என்ற சொல்லை இப்போதைக்கு எடுக்காதே. பிழையைத் திருத்த நினைக்கும் பொறியாளர் கையிலிருந்து கடிதம் அவர்கள் வக்கீலிடம் போய்விடும்.

அன்புடன்,
உன் அண்ணன்மார், அக்காமார்