கலைக்கல்லூரியையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் நோட்டர் டேம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் பற்றிய உங்கள் கட்டுரையில் பாதிக்கு மேல் கால்பந்துதான். அங்கே உள்ள கல்லூரிகளிலேயே மூத்தது கலைக்கல்லூரி, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

1842 நவம்பரில் திருச்சிலுவை சபையைச் சேர்ந்த 28 வயது பிரெஞ்சுப் பாதிரியார் எட்வர்ட் சோரின் இண்டியானாவுக்கு வந்தபோது எங்கும் பனி. இருந்த இரண்டு ஏரிகளும் உறைந்து ஒன்றாகத் தெரிந்ததால்தான் 'நோட்டர் டேம் டு லாக்' (ஏரியின் நம் அன்னை) என்ற முழுப்பெயரில் 'ஏரி' என்று ஒருமையில் வைத்தார் என்பார்கள். அந்தக் கரையில் ஒரு மரக்குடிலில் பல்கலைக்கழகம் தொடங்கியது, 1844-இல் மாநிலச் சட்டமன்றம் அதற்கு அங்கீகாரப் பட்டயம் கொடுத்தது.

அப்புறம் 1879 ஏப்ரல் 23. பிரதான கட்டடம் எரிந்தது, நூலகமும் போனது. மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, 65 வயதில் சோரின் மறுபடி செங்கல் அடுக்க வைத்து, செப்டம்பரிலேயே வகுப்பு நடத்தியிருக்கிறார்கள்! இதை நம் பிள்ளைகள் படிக்க வேண்டாமா?

சரி, குறையையும் சொல்ல வேண்டும்: இளங்கலையில் பெண்களைச் சேர்த்தது 1972-இல்தான். 130 வருடம் ரொம்பத் தாமதம். அடுத்த கட்டுரையில் கலைக்கல்லூரியோடு இந்த நிறை, குறை இரண்டையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்